அன்றைக்கு என்ன பாட்டு

நெஸ்டா பெய்னானைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி எங்கள் ஆலயக் குழுவின் செயலாளர் டெலித் கேட்டாள். கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தின் சுவரில் மாட்டுவதற்கு. பிறந்தது, வேலை பார்த்தது, ஆலயத்தைக் காப்பாற்றியது, இறந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை, நான் செய்த காரியத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நான் முப்பத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவன். எங்கள் ஊரான கூம்ஹெலிக்கில் மெர்வின் என்ற பெயரில் நாலு பேர் இருந்ததால் எனக்கு பஸ் மெர்வின் என்று பெயர். எழுத்தில் வளைவு நெளிவு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊர்ச் சாலையும் அப்படித்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் பெண்கள் அடக்கத்துக்குப் போகமாட்டார்கள். செய்தித்தாளில் சாவு அறிவிப்பின் கடைசி வரி 'ஆண்கள் மட்டும்' என்று இருக்கும். யார் போட்ட விதி என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. வீட்டில் போதகர் ஒரு ஜெபம் சொல்வார். பெட்டி வாசலைத் தாண்டும். ஆண்கள் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக வரிசை கட்டிக் குன்றேறுவார்கள். பெண்கள் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஹாம் நறுக்க உட்காருவார்கள். உப்புப் போட்டு வேகவைத்த பன்றித்தொடை இல்லாமல் எங்கள் ஊரில் யாரையும் புதைத்ததில்லை. செத்தவன் நல்லவனா கெட்டவனா என்பதை ஒரு நாள் பேசுவார்கள், ஹாம் எப்படி இருந்தது என்பதை ஒரு வாரம் பேசுவார்கள்.

1971 பிப்ரவரியில் சுரங்கத்தில் கூரை இறங்கி எல்ஃபெட் பெய்னான் செத்தான். முப்பத்தொரு வயது. நெஸ்டாவுக்கு இருபத்தெட்டு. கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. முந்நூறு ஆண்கள் அவன் பெட்டிக்குப் பின்னால் நடந்தோம். எனக்கு அப்போது பத்தொன்பது. பெட்டி தெருமுனை திரும்பும்போது நெஸ்டா சமையலறையில் கத்தியைக் கையில் எடுத்திருப்பாள். புருஷனை எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம்கூட ஆகாமல் முந்நூறு பேருக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். இன்று இதைச் சொன்னால் என் பேத்தி வாயைப் பிளக்கிறாள். அன்று எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

மேலே சிற்றாலயத்தில் ஆராதனை முடிந்து, குழியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தோம். கூட்டத்தில் தன் மாமனாரைத் தேடிப் பிடித்து, என்ன பாட்டு பாடினார்கள் என்று அவள் கேட்டாளாம். "நல்லா பாடினாங்கம்மா" என்றாராம் கிழவர். கையில் தட்டு இருந்தது, சாப்பிடப் போய்விட்டார்.

பிறகு நெஸ்டா சட்டைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் காலர் தைத்தாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருவின் கடைசி வீடு அவளுடையது, அதற்கு எதிர்வீடு என்னுடையது. பேக்கரியில் அரை ரொட்டி விற்பதை நிறுத்திய பிறகு முழு ரொட்டி வாங்கி, பாதியைப் பின்தெருக் கோழிகளுக்குப் போடுவாள். கிறிஸ்துமஸுக்கு யார் கூப்பிட்டாலும், "ஆள் வர்றாங்க, வர முடியாது" என்பாள். ஒருவரும் வரமாட்டார்கள். நான் எதிர்வீடு, எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட நான் போய்க் கதவைத் தட்டியதில்லை. தனியாக இருக்கப் பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியம்.

காலம் மாறி, பெண்களும் அடக்கத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்குள் எல்லோரும் பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கும் தகன மேடைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். 1983-க்குப் பிறகு எங்கள் சிற்றாலயத்தில் ஓர் அடக்க ஆராதனையும் நடக்கவில்லை. கதவைப் பூட்டினார்கள். கூரை ஓடு சரிந்தது, புறா குடியேறியது, கோபுரத்தில் ஒரு புதர் முளைத்துப் பூப்பூத்தது. 2007-ல் கட்டடம் ஆபத்தானது, இடிக்கப்போகிறோம் என்று கவுன்சில் வேலியில் ஒரு தாளை ஒட்டியது. ஊரே போய்ப் படித்தது. உச்சுக் கொட்டியது. வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை 9.40 பேருந்தில் நெஸ்டா ஏறினாள். கையில் சாப்பாட்டு டப்பா. எனக்குப் பின்னால் உள்ள இருக்கையில் உட்கார்ந்தாள். எங்கே என்று கேட்டேன்.

"கவுன்சிலுக்கு."

"அங்க என்ன வேலை?"

"உக்கார்ற வேலை."

உண்மையாகவே உட்கார்ந்தாள். சிற்றாலயத்துக்குப் பொறுப்பான அதிகாரியின் அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில், ஒவ்வொரு செவ்வாயும், ஏழு மாதம். சத்தம் போடவில்லை, மனு கொடுக்கவில்லை. மதியம் ஆனதும் டப்பாவைத் திறந்து முட்டை சாண்ட்விச் சாப்பிடுவாள். அந்த வாசனை தாங்காமல்தான் அதிகாரி கோப்பைத் திறந்தான் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. எறும்பு ஊரக் கல்லும் தேயும். ஊர்க்காரர்கள் ஒரு குழு அமைத்துப் பொறுப்பேற்றால் இடிப்பதைத் தள்ளிப்போடுகிறோம் என்று கடைசியில் கடிதம் வந்தது.

ஏழு பேர் சேர்ந்தார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் டெலித் செயலாளர். அவளுக்கு நாங்கள் எல்லோரும் இன்றுவரை நாலாம் வகுப்புதான். 2010-ல் எனக்கு வேலை முடிந்ததும், "வெட்டியாத்தானே இருக்கீங்க, கூட்டக் குறிப்பு எழுதுங்க" என்று என்னையும் பிடித்துப் போட்டாள். நகரத்தின் கட்டடக்கலைப் பெருமையைக் காப்பது குழுவின் நோக்கம் என்று எழுதச் சொன்னாள், எழுதினேன். நெஸ்டாவுக்கும் அதுதான் நோக்கம் என்று எல்லோரும் நினைத்தோம். அவளுக்குத் தூணுக்கும் உத்தரத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கூரையைப் பிரிக்கப் போன நாளில் உள்ளே வௌவால்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி அவற்றைத் தொந்தரவு செய்யக்கூடாது. இரண்டு குளிர்காலம் வேலை நின்றது. நாங்கள் எல்லோரும் வௌவாலைத் திட்டிக்கொண்டிருந்தபோது நெஸ்டா சிரித்தாள். "வௌவாலுக்குக்கூட உள்ள இருக்க உரிமை இருக்கு, பாருங்க" என்றாள். நாங்களும் சிரித்தோம். எனக்கு அது ஜோக்காகத்தான் பட்டது.

வௌவால்கள் இடம் மாறிய பிறகு, 2013 வசந்தத்தில், முப்பது வருடப் புறா எச்சத்தைச் சுரண்டி எடுக்கும் வேலை. முகமூடி கட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சுரண்டினோம். நெஸ்டா மட்டும் உள்ளே வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, நாங்கள் நீட்டுகிற வாளியை வாங்கிக் கொட்டிக் கழுவித் தந்தாள். நெஞ்சுக்கு ஆகாது போல என்று விட்டுவிட்டோம். மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே எட்டியாவது பார்க்கலாமே, தரையில் ஓடு பதித்திருப்பது எவ்வளவு அழகாக இருக்கிறது என்றேன்.

"வாளியத் தூக்கிக்கிட்டு நான் உள்ள போகமாட்டேன், மெர்வின்."

அப்புறம் அவளாகவே சொன்னாள். எல்ஃபெட்டை இந்தக் கதவு வழியாகத்தான் கொண்டுபோனார்கள். அவனுக்குக் கடைசியாக என்ன பாடினார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இத்தனை வருடத்தில் பதினோரு பேரிடம் கேட்டிருக்கிறாள். எட்டுப் பேர் நல்லா பாடினாங்க என்றார்கள். மூன்று பேர் மூன்று பாட்டைச் சொன்னார்கள். அதில் ஒன்று எல்ஃபெட்டுக்குக் கட்டோடு பிடிக்காத பாட்டு. இனி பாட்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவனை வைத்திருந்த இடத்தில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது, பாட்டு நடக்கும்போது, தானும் ஒருத்தியாக உட்கார வேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் ஏழு மாதம் முட்டை சாண்ட்விச் தின்றாள்.

"ஒரு கறுப்புக் கோட்டு இருக்கு. எழுபத்தொண்ணுல அத்தை வாங்கிக் குடுத்தாங்க. போட்டுக்கிட்டுப் போக எடமே இல்ல. தெறப்பு அன்னிக்குப் போட்டுக்கிட்டு மூணாவது வரிசைல உக்காருவேன்." வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "நீயும் அன்னிக்கு வந்திருந்தல்ல? என்ன பாட்டு பாடினாங்க?"

பன்னிரண்டாவது ஆள் நான். நானும் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இடம் இல்லை, நான் வெளியே மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றேன், எதுவும் கவனிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அப்ப நீயும் வெளியதானா" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நெஸ்டா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வேறு யாரிடமும் சொல்லாதே என்றாள். சொல்லவில்லை. அந்த ஒன்றில் மட்டும் நான் யோக்கியன்.

மூன்று வருடம் கழித்து வேலை முடிந்தது. புது ஓடு, புது மணிக்கயிறு. ஓக் மரத்தில் இரட்டைக் கதவு, காற்றுக்கூட நுழையாதபடி அவ்வளவு கச்சிதம். 2016 செப்டம்பரில் திறப்பு. அதற்கான கூட்டத்தில் தீயணைப்பு விதிப்படி அறுபது நாற்காலிதான் போடலாம் என்றாள் டெலித். கவுன்சில்காரர்கள், நன்கொடை தந்தவர்கள், பாடகர் குழு, நாங்கள் எட்டுப் பேர் என்று பட்டியல் வளர்ந்தது. பிறகு சாப்பாட்டை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள். வாயில் பக்கத்துக் காவலாளி வீட்டில் அடுப்படி இருக்கிறது, அங்கே யாராவது நின்று கவனிக்க வேண்டும்.

"நெஸ்டாவை விட்டா யாரு? அவங்க ஹாம் மாதிரி வருமா" என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். பேருந்து ஓட்டுகிறவனுக்குக் கை தானாகத் திருப்பத்தில் திரும்புவது மாதிரி வாய் தானாகச் சொன்னது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள், பெண்களும்தான். நெஸ்டா "ஆகட்டும்" என்றாள். அப்போது அவள் என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். 'உணவு: நெஸ்டா' என்று என் கையெழுத்தில் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திறப்பு அன்று நல்ல மழை. நான் இரண்டாவது வரிசை. பாடகர் குழுவில் மிச்சமிருக்கும் ஒன்பது கிழவர்கள் எழுந்து நின்றார்கள். கதவைச் சாத்தினார்கள். முதல் அடியைப் பாடத் தொடங்கினார்கள். இதைக் கேட்க நெஸ்டாவுக்கு எப்படி இருக்கும் என்று பெருமையாகப் பின்னால் திரும்பினேன். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலி. அதன்மேல் கவுன்சில்காரி ஒருத்தியின் கைப்பை இருந்தது.

அடுத்த அடியில் நான் எழுந்துவிட்டேன். டெலித் முறைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு மழையில் ஓடினேன். அறுபத்து நாலு வயதில் ஓட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். காவலாளி வீட்டின் ஜன்னல் மழையிலும் அகலமாகத் திறந்திருந்தது. நெஸ்டா முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் கறுப்புக் கோட்டு தொங்கியது.

"பாட்டு முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"இல்ல. வாங்க நெஸ்டா. மறந்துட்டேன். வாங்க, இன்னும் பாடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "கையெல்லாம் வெண்ணெய். இன்னும் பாதிகூட ஆகல." கத்தியை மறுபடி எடுத்தாள். "ஜன்னல் வழியா கேக்கும்னு நெனச்சேன். கதவ ரொம்ப நல்லா பண்ணிட்டீங்க, ஒண்ணும் கேக்கல."

எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. குற்றம் செய்தவனுக்குத்தான் முதலில் கோபம் வரும். கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன்.

"ஒன்கிட்ட சொன்னேனே" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. அடுத்த ரொட்டித் துண்டை எடுத்தாள். நான் ஈரக் கோட்டோடு நின்றேன். நீ போ, உன் நாற்காலி காலியாக இருக்கும், நாலு பேர் பார்ப்பார்கள் என்றாள். நான் போனேன். ஒரு கத்தியை எடுத்து அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம், அவளை இழுத்துக்கொண்டாவது போயிருக்கலாம். இரண்டும் செய்யாமல் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்து டெலித் பேசிக்கொண்டிருந்தாள். நெஸ்டா பெய்னான் இல்லாவிட்டால் இந்தக் கூரை இல்லை என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹாம் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சாயங்காலம் சாவியை எடுத்துக்கொண்டு போய், இப்போதாவது உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். காலி நாற்காலியைப் பார்க்கவா என்று கேட்டாள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை இருக்கிறது, அடுத்த தடவை பார்க்கலாம் என்றாள். ஓர் அட்டையில் அவள் பெயரை எழுதி மூன்றாவது வரிசை நாற்காலியில் அன்றைக்கே கட்டினேன்.

நவம்பரில் பனி உறைந்த பின்வாசல் படியில் வழுக்கி விழுந்தாள். ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறாள். காலையில் திரை விலகவில்லை என்று பார்த்து நான்தான் முதல்தடவையாக அந்தக் கதவைத் தட்டினேன். இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கிறிஸ்துமஸ் பாட்டு நடந்த சாயங்காலம் நான் குன்றுக்குப் போகாமல் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "போகலயா?" என்றாள். போகவில்லை என்றேன். "மடையா" என்றாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜனவரியில் போய்விட்டாள். முப்பத்து நாலு வருடத்துக்குப் பிறகு எங்கள் சிற்றாலயத்தில் நடந்த முதல் அடக்க ஆராதனை நெஸ்டாவுடையது.

அடக்கத்துக்கு முந்தின நாள் குழு கூடியது. உறவென்று யாரும் இல்லை, எல்லாம் நாங்கள்தான். சாப்பாடு யார் என்று டெலித் கேட்டு முடிப்பதற்குள் நாலு பெண்கள் எழுந்தார்கள். நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். ஒரு பெண்கூட வெளியே நிற்கக்கூடாது, ஊரில் உள்ள அத்தனை பெண்களும் உள்ளே போக வேண்டும், நான் நறுக்குகிறேன் என்றேன்.

"நீங்களா? வெண்ணெய் தடவத் தெரியுமா?" என்றாள் டெலித். ஏன் என்று அப்போதுதான் எல்லோருக்கும் சொன்னேன். வாளியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும்.

மறுநாள் காவலாளி வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் பெண்களாக வந்தார்கள். எண்பது பேருக்கு மேல் இருக்கும். அறுபது நாற்காலி விதியாவது மண்ணாவது. மூன்றாவது வரிசையில் அவள் அட்டை கட்டிய நாற்காலியில் அந்தக் கறுப்புக் கோட்டைக் காலையிலேயே போட்டு வைத்திருந்தேன். கடைசிப் பெண்ணும் நுழைந்தாள். கதவு மூடியது. நான் ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன். பாடியிருப்பார்கள். காற்று, மழை, என் கத்திச் சத்தம், இவ்வளவுதான் கேட்டது. ஒரு மணி நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நறுக்கினேன். எல்ஃபெட்டின் அடக்கத்தன்று நெஸ்டாவுக்கு எல்லாத் திரையும் மூடியிருந்தது, என்னால் கதவைப் பார்க்கவாவது முடிந்தது.

திரும்பி வந்தவர்களில் முதலில் டெலித் உள்ளே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. என்ன பாட்டு பாடினார்கள் என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா பாடினாங்க, மெர்வின்" என்று சொல்லிவிட்டு ஒரு ரொட்டியை எடுத்தாள். "ஹாமை இவ்வளவு கனமாவா நறுக்குவாங்க?"

ஆராதனை முறையை அச்சடித்த தாள் ஒன்றையும் என் கோட்டுப் பையில் செருகிவிட்டுப் போனாள். பாட்டெல்லாம் அதில்தான் இருக்கும். நாலாக மடித்தபடி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பிரித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இன்றோடு எட்டு மாதம், நான் பிரிக்கவில்லை. எதிரே அவள் வீட்டில் இன்னும் யாரும் குடி வரவில்லை. ராத்திரி படுக்கும்போது என்ன பாட்டாக இருக்கும் என்று யோசிக்கிறேன். எட்டு மாதமே இப்படி இருக்கிறது. அவள் நாற்பத்தைந்து வருடம் அதை யோசித்துக்கொண்டு எனக்கு எதிர்வீட்டில் இருந்தாள்.